உங்கள் ஊர்த் தமிழ்க் குழு கூகுளில் ஏன் தென்படுவதில்லை?

மைசூருவில் வேலை கிடைத்து, தேவராஜ மொஹல்லாவில் வாடகைக்கு வீடு பார்க்கும் ஒருவர் முதலில் என்ன செய்வார்? போனை எடுத்து 'மைசூர் தமிழ் குரூப்' என்று தேடுவார். அதே மொஹல்லாவில், தேவராஜா மார்க்கெட் பக்கத்திலேயே தமிழர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள், மெஸ் எங்கே நன்றாக இருக்கும் என்பதையெல்லாம் அங்கே எப்போதோ பேசி முடித்திருப்பார்கள். ஆனால் கூகுளுக்கு அது தெரியாது.

காரணம் எளிது. தேடுபொறியின் நிரல், பொதுவில் இருக்கும் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும். லாகின் கேட்கும் இடத்தில் நின்றுவிடும். வாட்ஸ்அப் உரையாடலும் ஃபேஸ்புக்கின் தனிக்குழுப் பதிவுகளும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

அப்போ குழுவையே திறந்துவிடலாமா? வேண்டாம். 2020 பிப்ரவரியில், வாட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு இணைப்புகள் கூகுள் தேடலில் வந்து விழுந்தன. முன்பின் தெரியாதவர்கள் உள்ளே நுழைந்து, உறுப்பினர்களின் போன் நம்பர்களைப் பார்க்க முடிந்தது. அந்த இணைப்புகளைப் பட்டியலிட வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் குறிப்பை வாட்ஸ்அப் பிறகுதான் சேர்த்தது.

ஆக, குழு மூடியே இருக்கட்டும். அது சேர்த்துவைத்த தகவல் மட்டும் வெளியே வரட்டும். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை எடுத்து, பெயர், நம்பர் எதுவும் இல்லாமல், பதிலோடு பொதுப் பக்கத்தில் எழுதுங்கள். தலைப்பு, ஆட்கள் கேட்கிற மாதிரியே இருக்கட்டும். 'வணக்கம் நண்பர்களே' என்ற தலைப்பை யாரும் தேடப்போவதில்லை.

அடுத்த சிக்கல் பெயர். 2014 நவம்பர் 1 முதல் ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் மைசூரு. தமிழர்கள் வாயில் இன்னும் மைசூர்தான். மொஹல்லாவை மொகல்லா என்றும் எழுதுவார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் தனி. தமிழ் விக்கிப்பீடியா இதை அழகாகச் சமாளிக்கிறது: மாற்று எழுத்துக்கூட்டல்களுக்கு 'வழிமாற்று' போட்டு, எதைத் தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். 2003-ல் தொடங்கி 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய அந்தத் தன்னார்வலர் கூட்டம் கூகுளில் சுலபமாகச் சிக்குவதற்கு இந்தப் பொறுமையான வேலையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. சின்னக் குழுவுக்கு அவ்வளவு தேவையில்லை. முதல் பத்தியில் இரண்டு பெயர்களையும் இயல்பாக எழுதி, ஆங்கில எழுத்திலும் ஒருமுறை சேர்த்தால் போதும். ஐம்பது சொற்களைக் கீழே கொட்டிவைப்பது வீண். பக்கத்தின் பின்னணியில் ஒளித்துவைக்கும் குறிச்சொற்களைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் சொல்லிவிட்டது.

தமிழ்க் குழுக்கள் அதிகம் கோட்டைவிடுவது படத்தில்தான். பொங்கல் விழா அழைப்பிதழ் அட்டகாசமான டிசைனில் வரும். தேதியும் இடமும் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதே விவரத்தைப் பக்கத்தில் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். பழைய ஆண்டு மலர்களையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். திஸ்கி, டாம், டாப் காலத்து எழுத்துருவில் இருந்தால் நம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு அர்த்தமில்லாத குறியீடுகள். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல்தான் என்பதால், அதற்கு முந்தைய கோப்புகளில் இந்தச் சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு.

எழுதி முடித்ததும், கூகுளின் இலவச 'சர்ச் கன்சோல்' கருவியில் பக்கத்தைப் பதிவு செய்யுங்கள். பட்டியலில் ஏறச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்பதும் அதில் தெரியும். குழுவில் சேர விரும்புபவர்களுக்கு அழைப்பு இணைப்பை அப்படியே ஒட்டிவைக்காமல், ஒரு விண்ணப்பப் படிவம் வையுங்கள். வாட்ஸ்அப்பில் 'அட்மின் அனுமதி' வசதியையும் ஆன் செய்துவிடுங்கள்.