ஒன்றுக்கு நீளம், ஒன்றுக்கு மணல்

மதுரைப் பக்கத்தில் அயிரையை உயிரோடுதான் வாங்குவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சட்டியில் பாலை ஊற்றி அதில் விட்டுவைப்பார்கள். உள்ளே கிடக்கிற மண்ணைக் கக்கிவிடும். பிறகு கல்லுப்பைப் போட்டு, மண்சட்டியில் உரசி வழவழப்பைப் போக்குவார்கள். இத்தனை பாடு எதற்கென்றால், அந்த மீனின் பிழைப்பே மணலில்தான். அடிமணலை வாயால் அள்ளி, பொடி இரையை நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே தள்ளிவிடும். அயிர் என்றால் நுண்மணல். பெயருக்குள்ளேயே அதன் இருப்பிடம் இருக்கிறது.

மீன் வளர்ப்பவர்கள் லோச் என்று சொல்லும் பெருங்கூட்டத்தில் நம் அயிரையும் ஒன்று. சென்னைக் கொளத்தூரில் கடை கடையாக ஏறி லோச் தேடுகிறவர்களைப் பார்த்தால், அயிரையைக் குழம்புக்கு வெளியே பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றும். பார்த்திருந்தால் பாதிப் பாடம் அவர்களுக்கு முன்பே தெரியும்.

கடைத் தொட்டிகளில் அடிக்கடி கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று கிளவுன் லோச்: ஆரஞ்சு உடம்பில் மூன்று அகலமான கறுப்புப் பட்டைகள், சிவந்த துடுப்புகள், வாயோரம் மீசை. மற்றது குஹ்லி லோச்: பென்சில் பருமனில் குட்டிப் பாம்பு போன்ற உடம்பு, அதில் மங்கலான மஞ்சளும் கரும்பழுப்பும் மாறி மாறி வரும். இரண்டும் சுமத்ரா, போர்னியோ நீர்நிலைகளின் மீன்கள். இரண்டையும் ஒரே வாக்கியம் சொல்லித்தான் விற்கிறார்கள்: “அடியில கிடக்கிற அழுக்கையெல்லாம் தின்னுடும் சார்.” இரண்டைப் பற்றியும் அது பொய். மீன் கழிவை எந்த லோச்சும் தின்பதில்லை. கழிவு சேர்ந்த அடித்தளத்தில் மீசை அழுகி, செவுள் புண்ணாகி, முதலில் சாகிற மீன்களில் இவையும் உண்டு.

இந்த இரண்டுக்கும் பெயர் வந்த கதையில் ஒரு பொதுச் சொல் உண்டு: முள். டச்சு ராணுவ மருத்துவராக ஜாவாவில் பணியாற்றிய பீட்டர் ப்ளீக்கர் 1852-ல் கிளவுனை விவரித்தபோது மாக்ரகாந்தஸ் என்று பெயரிட்டார். பெரிய முள்ளுடையது என்று பொருள். குஹ்லியின் பேரினத்துக்குப் பழைய அறிவியல் பெயர் அகாந்தோஃப்தால்மஸ். முட்கண் என்று தமிழில் சொல்லலாம். இரண்டுக்கும் கண்ணுக்குக் கீழே, தோலுக்குள் மடங்கிக் கிடக்கும் கூர்முள் ஒன்று உண்டு. ஆபத்து என்று பட்டால் அதை நிமிர்த்தும். குஹ்லிக்கு அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கிளவுனுக்கோ கையைக் கிழிக்கிற அளவு பெரியது. கிளவுனை வலையில் பிடித்தால் முள் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் மீனின் முகம் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் அமிழ்த்தி, அதற்குள் ஓட்டிப் பிடிப்பதே நல்லது. அயிரைக்கும் இதே முள் உண்டு.

குஹ்லியின் பெயரில் ஒரு சோகமும் இருக்கிறது. ஹெய்ன்ரிக் கூல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் ஜாவாவுக்குப் போய், 1821-ல் இன்றைய போகோரில், இருபத்துநான்கு வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது இறந்துபோனார். பிரெஞ்சு அறிஞர் வலென்சியன் 1846-ல் இந்த மீனுக்கு அவர் பெயரைச் சூட்டினார். அதே 1846-ல் அதே வலென்சியன்தான் நம் அயிரைக்கும் அறிவியல் பெயர் கொடுத்தவர். திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீரூற்றிலிருந்து எடுத்த மீனை வைத்து, வெந்நீர் என்று பொருள்படும்படி தெர்மாலிஸ் என்றார். வகைப்பாட்டிலும் குஹ்லியும் அயிரையும் ஒரே குடும்பம், கோபிட்டிடே. கிளவுன் போட்டியிடே என்ற வேறு குடும்பம்; அதற்கென்று தனிப் பேரினமாகக் குரோமோபோட்டியாவை மாரிஸ் கொட்டலா பிரித்து வைத்தது 2004-ல். நீரில் மினுமினுத்துத் திரிகிற கிளவுன் நம் கண்ணுக்குப் பழக்கமான மீன்போலத் தெரிகிறது, அயிரைக்கு உறவு என்னவோ ஒளிந்துகிடக்கும் குஹ்லியிடம்தான். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உண்மையான பாஞ்சியோ குஹ்லி ஜாவாவுக்கே உரியது. கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் அதன் நெருங்கிய உறவான பாஞ்சியோ செமிசின்க்டா. வளர்ப்பவருக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவதும் அங்கேதான்.

கடையில் கிளவுன் விரல் நீளம்தான் இருக்கும். அந்த நீளத்தில் ஆறு வாங்கி இரண்டடித் தொட்டியில் விட்டால் அழகாகத்தான் தெரியும். முதல் இரண்டு வருடம் விறுவிறுவென வளரும், பிறகு மெதுவாக வளர்ந்துகொண்டே போகும். முழு வளர்ச்சி 30 செ.மீ. வரை; வீட்டுத் தொட்டியில் 20 செ.மீ. தாண்டுவது வழக்கம். ஆயுள் இருபது வருடத்துக்கு மேல். தனியாக வாழாத மீன் என்பதால் ஐந்தாறு பேராவது வேண்டும். கையளவு அகலமான ஆறு மீன்கள் ஓடித் திரும்ப ஆறடி நீளம், இரண்டடி அகலத் தொட்டியாவது தேவை. இரண்டடி உயரமும் சேர்த்தால் அது ஏறத்தாழ 680 லிட்டர். நீரின் எடை மட்டுமே அறுநூறு கிலோவுக்கு மேல். கண்ணாடி, மணல், கல், தாங்கி எல்லாம் தனி. அடுக்குமாடியில் இருப்பவர் தரை தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் இதை வைக்கக் கூடாது.

நான் இதைத் தெரியாமல் தொடங்கினேன். மூன்றடித் தொட்டியில் நான்கு கிளவுன். இவ்வளவுதான் வளரும் என்று விற்றவர் உள்ளங்கையைக் காட்டினார். ஆறு வருடம் கழித்து அவை ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்குப் போக இரண்டு வீச்சு போதும் என்ற நிலை வந்தது. பகலெல்லாம் ஒரே மூலையில் மேலும் கீழும் நீந்திக்கொண்டிருந்தன. இடப்பற்றாக்குறையால் வளர்ச்சி குன்றிய மீன் முதுகு கூனி, வயிறு ஒட்டிப்போகும். அந்த அடையாளங்கள் தெரியத் தொடங்கிய பிறகுதான் பெரிய தொட்டி வைத்திருந்த ஒருவரிடம் ஒப்படைத்தேன். அங்கே ஒரே மாதத்தில் நிறம் ஏறிவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

குஹ்லி 8 செ.மீ., மிஞ்சினால் 10. எட்டுப் பத்துக் குஹ்லிகள் இரண்டடி நீள, ஓரடி அகலத் தொட்டியில், ஐம்பது சொச்சம் லிட்டரில், பத்து வருடம் நிம்மதியாக வாழும். அதனால் அது சுலபமான மீன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளவுன் கேட்பது நீளம் என்றால் குஹ்லி கேட்பது தரை. இங்கேதான் அயிரை நினைவுக்கு வர வேண்டும். வண்ண வண்ணக் கூழாங்கல் போட்ட தொட்டியில் குஹ்லியை விட்டால் அது என்ன செய்யும்? புதைய முடியாது, மணலைச் சலிக்க முடியாது, கல்லிடுக்கில் மாட்டி உடம்பு சிராய்க்கும். கூர்முனை இல்லாத மெல்லிய ஆற்றுமணல், இரண்டு அங்குலம் போதும். அதன் மேல் மரக்கட்டை, காய்ந்த இலை. குஹ்லியின் ஊர் சதுப்புக் காடு. விழுந்த இலைகள் ஊறித் தேநீர் நிறமான ஓடையில், இலைமெத்தைக்கு அடியில் அது வாழ்கிறது. நமக்குக் கைக்கெட்டுவது நாட்டுவாதுமை இலை. மரத்தடியில் பழுத்து விழுந்து காய்ந்ததாக, மருந்து தெளிக்காத இடத்திலிருந்து எடுத்துக் கழுவிப் போட்டால் இரண்டே நாளில் நீர் பொன்னிறமாகும். அந்த மங்கலில்தான் குஹ்லி பகலிலும் தலைகாட்டும்.

தொட்டி நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத குஹ்லி, அதன் இடுக்குகளைப் பற்றி வளர்ப்பவரைக் கவலைப்பட வைக்கும். ஃபில்டர் குழாயின் வாய், மூடியில் ஒயர் நுழைகிற ஓட்டை, ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள சந்து, எல்லாவற்றிலும் நுழைந்து பார்க்கும். ஃபில்டர் வாய்க்கு ஸ்பாஞ்ச் கட்டாத தொட்டியில் ஒருநாள் எண்ணிக்கை குறையும். மூடி இல்லாத தொட்டியில், காலையில் தரையில் காய்ந்த நூல்போல ஒன்று கிடக்கும்.

குணத்தில் இரண்டும் எதிரெதிர். கிளவுன் கூட்டத்துக்குள் மேல் கீழ் பார்க்கிற மீன். இரண்டு பெரிய மீன்கள் முட்டிக்கொள்ளும்போது ஆரஞ்சும் கறுப்பும் வெளிறி உடம்பே சாம்பல் பூத்துவிடும். சண்டை ஓய்ந்ததும் நிறம் திரும்பும். சில நேரம் டக், டக் என்று ஒலி எழுப்பும். அறையில் அமைதி இருந்தால் கண்ணாடிக்கு வெளியே கேட்கும். ஒருக்களித்துப் படுத்து அசையாமல் கிடந்து வளர்ப்பவரின் அடிவயிற்றைக் கலக்கும், ஆனால் அது ஓய்வு. குஹ்லிக்குச் சண்டையே கிடையாது. ஒரு கட்டைக்கு அடியில் ஆறேழு உடம்புகள் நூல்கண்டாகப் பின்னிக் கிடக்கும். எப்போதாவது ஒன்று விருட்டென மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பும். குடலாலும் கொஞ்சம் மூச்சு வாங்கத் தெரிந்த வம்சம் அது. எல்லாம் சேர்ந்தாற்போல் மேலே போய் வந்தால் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று பொருள், உடனே ஏர் பம்ப்பைப் பார்க்க வேண்டும்.

தீனியில் சொல்ல அதிகம் இல்லை. இரண்டும் புழு, பூச்சி தின்பவை. மூழ்கும் பெல்லட், உறைந்த பிளட்வார்ம் இரண்டுக்கும் ஆகும். கிளவுன் வெள்ளரித் துண்டையும் விரும்பும், நத்தையை ஓட்டிலிருந்து உறிஞ்சியே எடுத்துவிடும். நத்தையை ஒழிக்க என்று மட்டும் கிளவுன் வாங்குகிறவர்களைத் தடுத்து நிறுத்துவேன்: நத்தைகள் இரண்டே மாதத்தில் தீர்ந்துவிடும், மீன் இருபது வருடம் இருக்கும். குஹ்லிக்கு விளக்கை அணைத்த பிறகு போட வேண்டும், இல்லாவிட்டால் மற்ற மீன்களே முடித்துவிடும்.

நோய் விஷயத்தில் எனக்குக் கிளவுன்மேல் ஒரு பயமும் குஹ்லிமேல் வேறொரு பயமும் உண்டு. இரண்டுக்கும் செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் புதைந்தவை. அதனால் மருந்து சுருக்கென்று தாக்கும். கிளவுன் புதிதாக வந்த வாரத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வருவது மிகச் சாதாரணம். உடம்பெல்லாம் பொடி உப்பைத் தூவியதுபோல இருக்கும். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து அடியில் விழுந்து, நூற்றுக்கணக்காகப் பெருகி, அடுத்த மீனைத் தேடி நீந்தும் கட்டத்தில்தான் சாகும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள் தோற்பது இதனால்தான். வெப்பத்தை மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றினால் அதன் சுழற்சி வேகமாகும், மருந்துக்குச் சீக்கிரம் அகப்படும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் ஸ்டோனைக் கூட்ட வேண்டும். லோச் இருக்கும் தொட்டிக்குப் பாதி அளவு மருந்தே போதும் என்பது அனுபவஸ்தர்கள் வழக்கம். செம்பு கலந்த மருந்தைத் தொடவே வேண்டாம். கிளவுனில் இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும். குஹ்லியில் தெரியாது. அது நோயோடு கட்டைக்கடியில் கிடந்து, நாம் அறியாமலே போய்விடும். ஆகவே புதுக் குஹ்லிகளை ஒன்றிரண்டு வாரம் தனித்தொட்டியில், ஒளிய ஒரே ஒரு குழாய்த்துண்டு மட்டும் போட்டு, தினம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

வெயில் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 26 முதல் 30 டிகிரி வரை கிளவுனுக்கு இதம், கோடையை ஓரளவு சமாளிக்கும். குஹ்லிக்கு 24 முதல் 28 நல்லது. மே மாதத்தில் தொட்டிக்கு மேல் சிறிய மின்விசிறி ஓடட்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், சாதாரண வீட்டுக்குக் குஹ்லிதான். கூடத்துக்கு வருகிறவர்கள் பார்த்து வியக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு அது ஏற்றதல்ல. பாதி நாள் வெறும் மணல்தான் தெரியும். கிளவுனை வாங்குவதென்றால் முதலில் ஆறடித் தொட்டி வர வேண்டும், மீன் பிறகு. மீன் வளர வளரத் தொட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்பவர்கள் மாற்றுவதில்லை, நானும் மாற்றவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கிளவுன் இயற்கையில் மழைக்காலத்தில் ஆற்றை எதிர்த்து ஏறிப்போய் முட்டையிடுகிற மீன். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுப் பொரிக்க வைக்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் அது குஞ்சு பொரித்ததாகக் கேட்பது மிக மிக அரிது. குஹ்லிப் பெண் மீனுக்கோ, சினை பிடித்தால் வயிற்றுத் தோல் வழியே பச்சை நிறம் தெரியும். மிதக்கும் செடிகளின் வேரில் முட்டையைச் சிதறிவிட்டுப் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. என் தொட்டியில் எட்டு விட்டிருந்தேன். மூன்றாம் வருடம் மணலை மாற்றுவதற்காக எல்லாவற்றையும் வாளியில் எடுத்துவைத்து எண்ணினேன், எட்டும் இருந்தன. ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சைப் பிழியப் போனபோது, அதன் அடியில் தேங்கிய வண்டலுக்குள் ஒரு நூலிழை நெளிந்தது. தீக்குச்சி நீளம்கூட இல்லை. பட்டைகள் மட்டும் அத்தனையும் சரியாக இருந்தன.