முதல் மூச்சின் வரலாறு



நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. இரண்டு நாள் மூச்சுத் திணறி மறைந்தது. "எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்று கூறிப் பாட்டியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். அது விதியன்று, நோய். அதற்குக் காரணமும் உண்டு, மருந்தும் உண்டு என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். அந்த அறிவு வளர்ந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

நமது நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுச் சிற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்புறம் ஈரமானது. நீரின் பரப்பு எப்போதும் சுருங்கவே முயலும். இதனையே பரப்பு இழுவிசை என்று படித்திருப்பீர்கள். 1929ஆம் ஆண்டில் நீர்கார்ட் என்னும் மருத்துவர், பன்றியின் நுரையீரலைக் காற்றால் விரிப்பதைவிடத் திரவத்தால் விரிப்பது எளிது எனக் கண்டார். பிறந்த குழந்தையின் முதல் மூச்சுக்கு இவ்விசை தடையாகலாம் என்றும் குறிப்பிட்டார். ஆயினும் அவர் கட்டுரை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1955இல் இங்கிலாந்தில் பாட்டில் என்பவரும், 1957இல் அமெரிக்காவில் கிளமெண்ட்ஸ் என்பவரும், நுரையீரலில் இவ்விசையைத் தணிக்கும் பொருளொன்று இருப்பதை வெளிப்படுத்தினர். இருவரும் நச்சு வாயுக்களை ஆராயும் இராணுவ ஆய்வுக்கூடங்களில் பணியாற்றியவர்கள் என்பது வியப்பன்றோ!

இச்செய்தியைக் குழந்தைகளோடு பொருத்திப் பார்த்தவர் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவர், காசநோயினின்று மீண்டவர். மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அப்பொருள் போதிய அளவு இல்லையென, மீட் என்பவருடன் சேர்ந்து 1959இல் அறிவித்தார். காரணம் புலப்பட்டது, மருந்தோ கிட்டவில்லை. 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இந்நோயினால் 39 மணி நேரத்தில் இறந்தான். ஒரு வல்லரசின் தலைவராலும் தம் மகனுக்கு மூச்சை வாங்கித்தர இயலவில்லை.

அக்காலத்தில் மருத்துவர்கள் மூச்சுப் பொறியையும் மிகுந்த பிராணவாயுவையும் நாடினர். பல குழந்தைகள் பிழைத்தன. ஆனால் அவற்றுள் சிலவற்றின் நுரையீரல் நிலையாகப் புண்பட்டிருந்ததை 1967இல் நார்த்வே என்பவரும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினர். காக்க வந்த கருவியே காயமும் செய்தது! தம் சிகிச்சையையே ஐயுற்று ஆராய்ந்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பின்னர் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிற்றறைகள் மூடிவிடாதபடி மெல்லிய காற்றழுத்தத்தை இடைவிடாது தரும் முறையை 1971இல் கிரிகரி என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஊக்கநீர் மருந்தை ஊசி மூலம் தந்தால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிரும் என 1972இல் நியூஸிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி ஆகியோர் காட்டினர். 1980இல் ஜப்பானியரான புஜிவாராவும் அவருடைய குழுவினரும், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய பொருளைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி நற்பயன் கண்டனர். இன்று உலகெங்கும் எத்தனையோ குழந்தைகள் இவ்வழிகளால் உயிர் பிழைக்கின்றன. எனினும் மிகவும் முன்னதாகப் பிறப்போரிடம் அந்த நுரையீரற் புண் இன்னும் காணப்படுகிறது, ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை.

ஆகவே மாணவர்களே, பரப்பு இழுவிசைப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் நெட்டுருச் செய்யாதீர்கள். நீர்கார்டின் கட்டுரையை உரிய காலத்தில் பலர் படித்திருந்தால், எங்கள் வீட்டுக் குழந்தையும் ஒருவேளை பிழைத்திருக்கும்.