ஏட்டைப் படிப்பதிலும் ஆபத்து உண்டு

திருவையாற்றை அடுத்த ஒரு கிராமத்தில் அந்நாளைய கர்ணம் அடங்கலைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயலின் பட்டா எண் 1247 என்பது 3865 ஆகிறது. எட்டிப் பார்ப்பவர் ‘12’ என்று படித்த கணத்தில் திருத்தம் முடிந்துவிடுகிறது. மீதியை ‘65’ என்று படிக்கிறார். 1265! அது வேறொருவருடைய பட்டா.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய ஏடு உண்டு. நினைவகத்தின் எந்தப் பக்கம் எந்த நிரலுக்கு உரியது என்று அதில் எழுதியிருக்கும். இதற்குப் பக்க அட்டவணை என்று பெயர். 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறியே நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்தாண்ட முன்னோடி. பல செயலிகள் ஒரே ஏட்டைப் பார்க்கத் தொடங்கியபின் தொல்லை வந்தது. தவறாகப் படித்தால் ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தில் கைவைத்துவிடும். பூட்டுப் போடலாம், ஆனால் எல்லாரும் வரிசையில் நிற்க நேரும்.

1995-இல் வந்த பென்டியம் புரோ, 32 பிட் செயலியாக இருந்தும் 64 கிகாபைட் நினைவகத்தை எட்ட வழி செய்தது. அதற்காக அட்டவணைப் பதிவு 64 பிட்டாக நீண்டது. சாதாரணமாகப் படித்தால் இரண்டு வாயாகத்தான் விழுங்க வேண்டும்!

2008-இல் நிக் பிகின் என்பவர் லினக்ஸில் பூட்டில்லாமல் படிக்கும் முறையைச் சேர்த்தார். முதலில் கீழ்ப்பாதி, அடுத்து மேல்பாதி, மறுபடியும் கீழ்ப்பாதி. கீழ்ப்பாதி மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

“கீழ்ப்பாதி மாறி, மீண்டும் பழையபடியே வந்துவிட்டால்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. படிக்கும் செயலி அந்நேரத்தில் குறுக்கீடுகளை ஏற்காது. பதிவை நீக்குபவரோ, பழைய நகலை மறக்கும்படி மற்றச் செயலிகளுக்குச் சொல்லி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். படித்து முடியும்வரை அந்தப் பதில் வராது. ஆகவே புதுப் பதிவும் ஏறாது.

இப்படிச் செய்தி அனுப்பத் தேவையில்லாத செயலிகளும் உண்டு. அங்கே, படிப்பவர் கையிலிருக்கும் ஏட்டையே ஒருவர் கிழித்தெறிந்துவிடலாம் அல்லவா? பழைய ஏட்டைப் படிப்பவர்கள் எல்லாரும் விலகும்வரை அதை அழிக்காதிருப்பதே இதற்கு வழி. பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் 1990-களில் உருவாக்கிய இந்த முறையை 2002-இல் லினக்ஸில் சேர்த்தவர், ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்திய ஆய்வகத்தில் பணியாற்றிய தீபாங்கர் சர்மா. நம் நாட்டுப் பங்கு இது, அதிகம் பேசப்படாதது.

64 பிட் செயலிகள் பதிவை ஒரே வாயில் விழுங்குகின்றன. ஆனாலும் நிரலில் ஒருமுறை எழுதிய வாசிப்பைக் கம்பைலர் இரண்டு முறையாக்கிவிட இடமுண்டு. அதைத் தடுக்கும் ‘ரீட் ஒன்ஸ்’ என்ற கட்டளை 2014-இல் சேர்ந்தது. 2023-இல், பதிவை நேரே தொடாமல் ஒரே ஒரு செயற்கூறு வழியாக மட்டும் படிக்கும்படி லினக்ஸ் நிரலைப் பல இடங்களில் திருத்தினார்கள்.