வற்றாப்பளையின் தெய்வ வாக்கு

மறைநூற் கதையைப் பின்வந்தோர் திருப்பிச் சொல்லுகையில், மூலத்தில் இல்லாத முன்னுரைகள், அதாவது வரப்போவதை அறிவிக்கும் தெய்வ வாக்குகள், அதில் வந்து சேர்வதுண்டு. யாத்திராகமத்தில் மோசேயின் பிறப்பை அறிவிக்கும் கனவு இல்லை, கி.பி. 1ஆம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அத்தகைய கனவொன்றைத் தந்தை அம்ராமுக்கு உரியதாக்க, போலி ஃபைலோ எனப்படும் நூல் அதை மகள் மிரியாமுக்கு உரியதாக்கி, பெற்றோர் அவளை நம்பவில்லை என்றும் கூறுகிறது.

இலங்கையின் வன்னியில் இதற்கு நிகரானது கண்ணகி கதையாகும். சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம், பதினான்கு நாள் கழிந்தபின் கணவனைக் காண்பாய் என்று கண்ணகிக்கு முன்னுரைக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளை மரபிலோ கண்ணகியே முன்னுரைப்பவளாகிறாள். நந்திக்கடலோரம் மூதாட்டியாக வந்த அவள், மாடு மேய்த்த சிறுவர்கள் எண்ணெய் இல்லையென்றபோது கடல்நீரில் விளக்கேற்றச் செய்து, அவர்கள் தன் தலையில் பேன் பார்க்கையில் ஆயிரம் கண்களைக் காட்டி, வைகாசியில் மீண்டும் வருவதாகச் சொல்லி மறைந்தாள் என்பது அங்குள்ள ஐதீகம், அதாவது வழிவழி வந்த நம்பிக்கை.

யூத மரபில் திருப்பிச் சொல்லப்பட்ட வாக்கு ஏட்டில் நிலைத்தது. வன்னியில் அது சடங்காக நிலைத்தது. ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலை முன்னிட்டுக் கடலில் தீர்த்தம் எடுக்கப்பட்டு, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்நீரில் விளக்கு ஏற்றப்படுகிறது.