காயலான் கடைக்குப் போகாத பிக்கப்

1950-ஆம் வருடத்து செவர்லே பிக்கப்பை ஸ்டார்ட் செய்ய சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது. ஆக்ஸிலரேட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பெடல் இருக்கும். அதைக் காலால் மிதிக்க வேண்டும். மிதித்ததும் ஒரு இரும்புத் தண்டு நகர்ந்து ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல்சக்கரத்தை இன்ஜினோடு கோர்க்கும். அதே மிதியில் பேட்டரி கரண்டும் பாயும். நடுவில் ரிலே கிடையாது, கம்ப்யூட்டர் கிடையவே கிடையாது. வண்டி கிளம்பவில்லையா? கீழே படுத்துப் பார்த்தால் எது அசைகிறது, எது அசையவில்லை என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிகளை வீட்டுக் கேரேஜில் வைத்துப் பிரித்து, துரு எடுத்து, மறுபடி பூட்டி ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மெக்கானிக் வேலையைத் தொழிலாகச் செய்தவர்கள் அல்ல. எழுபது வயது தாண்டிய ஒரு லாரியை அப்படி ஒருவர் எந்தத் தைரியத்தில் பிரிக்கிறார்? நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டியின் பானெட்டைத் திறந்தால் அந்தத் தைரியம் ஏன் வருவதில்லை? பதில் அந்த லாரி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908-இல் வந்தது. விவசாயிகள் அதை வாங்கி, பின்பக்கத்தை எடுத்துவிட்டு மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தி மூட்டை ஏற்றினார்கள். கம்பெனிக்கு இது புரியப் பல வருடம் பிடித்தது. 1925-இல்தான் பின்னால் இரும்புப் பெட்டி வைத்த மாடல் டி பிக்கப்பை ஃபோர்டு தானே செய்து விற்றது. விலை 281 டாலர். அந்த ஒரு வருடத்திலேயே சுமார் 34 ஆயிரம் வண்டிகள் போயின. பக்கத்து டவுனுக்கே பல மைல் போக வேண்டிய பண்ணைகளில், கலப்பையையும் கதிரடிக்கும் மெஷினையும் பழுது பார்த்த அதே கைகள்தான் வண்டியையும் பார்த்தன. பழுது பார்க்க முடியாத வண்டியை அவர்களிடம் விற்க முடியாது என்பது கம்பெனிகளுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. கார் வியாபாரத்தில் வருடா வருடம் தோற்றத்தை மாற்றி, போன வருடத்துக் காரைப் பழசாக்கிக் காட்டும் வித்தையைப் பெரிய அளவில் நடத்தியது ஜெனரல் மோட்டார்ஸ். அதன் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920-களில் அதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். அதே கம்பெனியின் லாரிப் பிரிவு நேர் எதிராக நடந்தது! இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947 நடுவில் வந்த செவர்லேயின் ‘அட்வான்ஸ் டிசைன்’ லாரிகள் 1955 மார்ச் வரை கிட்டத்தட்ட ஒரே உருவத்தில் ஓடின. 1951-இல் கதவில் காற்றுக்காக ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி வைத்தார்கள். 1954-இல் இரண்டு துண்டாக இருந்த முன்கண்ணாடி ஒன்றானது, முன்கிரில் மாறியது. மற்றபடி பெரிய மாற்றமில்லை. லாரி வாங்குகிறவன் அழகுக்காக மாற்ற மாட்டான், தேய்ந்தால்தான் மாற்றுவான் என்ற கணக்கு இது. இதன் பலன் ஐம்பது வருடம் கழித்துத் தெரிந்தது. 1948 வண்டியின் முன் மட்கார்டு 1953 வண்டிக்கும் பொருந்தும். எட்டு வருட உற்பத்தியும் ஒன்றுக்கொன்று உதிரிபாகக் கிடங்காக ஆகிவிட்டது.

இந்த வண்டியின் இன்ஜினைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம், அதாவது சுமார் மூன்றரை லிட்டர். 90 குதிரைசக்தி. செவர்லேயின் ஆறு சிலிண்டர் இன்ஜின்களுக்கு ‘ஸ்டவ்போல்ட்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவற்றின் போல்ட்டுகள் அடுப்பில் போடுகிற போல்ட்டு மாதிரி இருந்ததாம். இந்த 216-இல் கிராங்க்கின் முக்கிய பேரிங்குகளுக்கு ஆயில் பம்ப் எண்ணெய் அனுப்பும். ஆனால் கனெக்டிங் ராடுகளுக்கு அந்த மரியாதை இல்லை. ஒவ்வொரு ராடின் அடியிலும் சின்னக் கரண்டி மாதிரி ஒரு நீட்டம் இருக்கும். கிராங்க் சுற்றச் சுற்ற அது எண்ணெயைக் கோரித் தனக்குத் தானே ஊற்றிக்கொள்ள வேண்டும். கிணற்றில் வாளி விட்டு இறைப்பது போலத்தான்.

பேரிங்கும் இன்றைக்குப் போல கழற்றி மாட்டும் ஓடு அல்ல. பாபிட் என்ற மெதுவான வெள்ளை உலோகத்தை உருக்கி ராடிலேயே ஊற்றிக் கடைந்திருப்பார்கள். ராடுக்கும் அதன் மூடிக்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருக்கும். பாபிட் தேய்ந்து இன்ஜின் ‘டக் டக்’ என்று தட்ட ஆரம்பித்தால், ஆயில் பேனைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஒரு தகட்டை உருவிவிட்டுத் திரும்ப முறுக்கினால் இடைவெளி சரியாகிவிடும். இன்ஜினை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம்! தேய்மானம் வரும் என்று தெரிந்து, அதற்கான மருந்தையும் உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கம்பெனி அச்சிட்ட ஷாப் மேனுவலில் இதெல்லாம் படத்தோடு இருந்தது. அந்த மேனுவலின் மறுபதிப்பு இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது.

ஆனால் இந்த இன்ஜினைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். நிதானமாக ஓட்டினால் உழைக்கும். நீண்ட நேரம் வேகமாக விரட்டினால் பாபிட் தாங்காது. பின் ஆக்ஸிலின் பல் விகிதமும் 4.11-க்கு 1, மூட்டை இழுக்கச் சரி, வேகத்துக்குச் சரியல்ல. அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் 1956-இல்தான் வந்தது. இந்த லாரி அதற்கு முந்தைய உலகத்தைச் சேர்ந்தது. செவர்லேயும் சும்மா இருக்கவில்லை. 1954-இல் லாரிகளுக்கு வந்த 235 கன அங்குல இன்ஜினில் ராடுகளுக்கும் பம்ப் வழியாகவே எண்ணெய் போனது. அது பழைய இடத்திலேயே ஏறக்குறைய அப்படியே உட்காரும் என்பதால், 216-ஐ இறக்கி 235-ஐ ஏற்றுகிறவர்கள் நிறைய.

சரி, ஒருவர் இப்படி ஒரு வண்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் முதல் எதிரி இன்ஜின் அல்ல, துரு. போருக்குப் பிறகு வட மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவது பரவலானது. உப்புத் தண்ணீர் கேபினின் பின்மூலைகளிலும் படிக்குப் பக்கத்திலும் உள்ள இரட்டைத் தகடுகளுக்கு நடுவே போய், அங்கே சேர்ந்த மண்ணோடு உட்கார்ந்துகொள்ளும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு அப்பளம் ஆகியிருக்கும். முன்னால் வைத்திருந்தவர் ஓட்டையில் பட்டி அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் அனுபவசாலிகள் வாங்கப் போகும்போது காந்தம் ஒன்றைப் பையில் எடுத்துப் போவார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான்.

சரி செய்வது எளிது என்றும் சொல்ல முடியாது, புரியாதது என்றும் சொல்ல முடியாது. அழுகிய தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் துண்டை வைத்து, வளையாமல் இருக்க அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாக வெல்ட் அடித்து, ஆறவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே இழுப்பாக வெல்ட் அடித்தால் தகடு சூட்டில் நெளிந்துவிடும். கேபினை வெட்டுவதற்கு முன் உள்ளே குறுக்குக் கம்பி வைத்துத் தாங்காதவர்கள் பிறகு கதவு மூடவில்லை என்று தவிப்பார்கள். நல்லவேளை, பின்பெட்டியின் தரை இரும்பு அல்ல, மரம். பைன் பலகைகளும் அவற்றுக்கு நடுவே இரும்புப் பட்டைகளும்தான். இந்த வேலை முழுவதிலும் அலுப்பில்லாமல் முடிவது அந்தப் பலகை போடும் நாள் ஒன்றுதான்.

அதிகம் பேசப்படாத ஒரு ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் கரும்பொடியை ஏர் பிடித்து ஊதுவது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் நோயாக வெளிப்படப் பல பத்து வருடங்கள் ஆகலாம். ஈரம் போட்டுத் துடைத்து எடுப்பதுதான் முறை. பழைய பெயின்டிலும், பாடி மூட்டுகளை நிரப்பிய பற்றாசிலும் ஈயம் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அங்கே தேய்க்கிற தூசி சின்ன விஷயமல்ல. கம்பெனி ஒர்க் ஷாப்புக்குச் சட்டம் காவல் இருக்கும். வீட்டுக் கேரேஜுக்கு அவரவர் ஜாக்கிரதைதான் காவல்.

உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது? சிகாகோவில் 1915-இல் வார்ஷாவ்ஸ்கி என்பவர் தொடங்கிய காயலான் கடைதான் பிற்காலத்தில் ஜே.சி. விட்னி என்ற பெயரில் நாடு முழுக்கத் தபாலில் உதிரிபாகம் விற்ற கம்பெனியாக வளர்ந்தது. தடித்த கேட்டலாக், அதில் பொடி எழுத்தில் பிரேக் ஷூ முதல் ஹாரன் வரை. பண்ணையில் இருந்தவனுக்கும் தபால்காரர் வருவார் அல்லவா? பழைய கையிருப்பு தீர்ந்த பிறகு நகல் பாகங்கள் வர ஆரம்பித்தன. அவற்றில் நிறைய தைவானில் அச்சு வார்க்கப்படுபவை. அட்வான்ஸ் டிசைன் லாரிகள் ஏராளமாக விற்றிருந்ததால், அவற்றின் தகடுக்கு ஒரு அச்சு செய்தாலும் முதல் திரும்பி வந்தது.

தேய்மானக் கணக்கு போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டி ஒரு தலைவலி. புதிதாக ஏறத்தாழ 1,200 டாலர். சில வருடங்களில் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்யம். 1972 முதல் 1977 வரை ஓடிய ‘சான்ஃபோர்ட் அண்ட் சன்’ என்ற அமெரிக்க டிவி தொடரில் காயலான் கடை நடத்தும் அப்பாவும் மகனும் ஓட்டியது 1951 ஃபோர்டு பிக்கப். அன்று அந்த வண்டியைப் பார்த்தாலே ஏழ்மை என்று எல்லோருக்கும் புரிந்தது. அதே வயது வண்டிகள்தான் பிறகு ஏலத்தில் புது லாரியின் விலைக்குப் போயின. ஆனாலும் வீட்டில் சீர்செய்கிறவர் லாபம் பார்ப்பது அபூர்வம். பாகங்களுக்கான பில்லையாவது கூட்டிவிடலாம், ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யார் பில் போடுவது?

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம்: அசலாகவே வைத்திருப்பதா, மாற்றுவதா? அசலில் பிரேக்குக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். சீட் பெல்ட் கிடையாது. 6 வோல்ட் மின்சாரம், விளக்கு மங்கல். வைப்பர் இன்ஜினின் வெற்றிடத்தில் ஓடுவதால், மழையில் மேடு ஏற ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வைப்பர் தூங்கிவிடும்! இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் பெல்ட்டும் போட்டுக்கொள்வதைக் குறை சொல்ல யாருக்கும் நியாயம் இல்லை. சாலையில் எதிரே வருகிறவர்களும் மனிதர்கள்தானே.

ஆனால் பலர் அத்தோடு நிற்பதில்லை. கேபினை மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் செவர்லே எஸ்-10 என்ற பிற்காலச் சிறு பிக்கப்பின் சேஸிஸையும், முன்னால் கம்ப்யூட்டர் வைத்த வி-8 இன்ஜினையும் கோர்க்கிறார்கள். வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் நடுரோட்டில் நின்றால், ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் கொண்டு சரி செய்யக்கூடிய வண்டியாக அது இருக்காது. தாத்தா வண்டியின் சட்டையைப் பேரன் வண்டிக்குப் போட்டுவிட்ட மாதிரிதான்.

ஜெனரல் மோட்டார்ஸே இந்த ஆசையை விற்றுப் பார்த்தது. அட்வான்ஸ் டிசைனின் முகத்தையும் வளைவுகளையும் நினைவூட்டும் எஸ்எஸ்ஆர் என்ற பிக்கப்பை 2003-இல் கொண்டுவந்தது. வி-8 இன்ஜின், பட்டனை அழுத்தினால் மடிந்து உள்ளே போகும் இரும்புக் கூரை, விலை சுமார் 42,000 டாலர். 2006-இல் உற்பத்தி நின்றது. மொத்தமே 24 ஆயிரம் வண்டி சொச்சம்தான். அவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு யாரும் அச்சு செய்து நகல் தகடு அடிக்கப் போவதில்லை. 1950 வண்டிக்குக் கேபின் மூலை வேண்டுமென்றால் ஆர்டர் போடலாம், அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.