ஏவுகணைக்கு வகைகள் பிறந்த கதை

1944 ஜூன் 13. லண்டன் மீது ஆளில்லாத ஒரு குட்டி விமானம் வந்து விழுந்தது. செப்டம்பர் 8 மாலை, அதே நகரின் சிஸ்விக் பகுதியில் ஒரு ராக்கெட் விழுந்தது. முன்னது வி-1, பின்னது வி-2. இரண்டையும் ஏவியது ஜெர்மனி. குரூஸ், பாலிஸ்டிக் என்று இன்று நாம் பிரிக்கும் இரு வகைகளும் மூன்றே மாத இடைவெளியில் போருக்கு வந்துவிட்டன.

குரூஸ் வகையான வி-1 காற்றை இழுத்து எரித்துக்கொண்டே, மணிக்கு 600 கி.மீ. வேகத்தில் தாழப் பறக்கும். அதன் மூக்கில் ஒரு சிறிய காற்றாடி. அது சுற்றச் சுற்ற உள்ளே ஓர் எண் குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்தைத் தொட்டதும் குண்டு தலைகுப்புறக் கவிழும், எஞ்சினும் நின்றுபோகும். அதனால்தான் லண்டன் மக்கள் அதன் உறுமலைவிட, உறுமல் சட்டென்று நிற்பதற்கே அதிகம் அஞ்சினார்கள். ஆனாலும் அது விமானங்களுக்கும் பீரங்கிகளுக்கும் எட்டும் உயரத்தில்தான் வந்தது. ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தினார்கள்.

பாலிஸ்டிக் வகையான வி-2-வை வழியில் மறிக்க எவராலும் முடியவில்லை. ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் ஒரு நிமிடம் எரியும். அதற்குப் பிறகு எறிந்த கல்லின் பாதைதான்: சுமார் 80 கி.மீ. உயரம் போய், ஒலியை முந்திக்கொண்டு இறங்கும். முதலில் வெடிப்பு, அது வரும் ஓசை அதற்குப் பின்னால்தான் கேட்கும்.

எங்கிருந்து ஏவுவது என்ற கேள்விக்கும் அந்தப் போரிலேயே விடை தேடினார்கள். வி-1-இன் சாய்தளங்கள் ஓரிடத்தில் நிலைத்தவை. ஹெயின்கெல் விமானத்தின் அடியில் மாட்டி வானிலிருந்தும் வி-1-ஐ ஏவினார்கள்; பிரான்சில் தளங்கள் கைவிட்டுப் போன பிறகும் அது தொடர்ந்தது. வி-2 டிரெய்லரில் ஏறிக் காட்டுச் சாலைகளில் திரிந்தது. அதை நீர்மூழ்கியின் பின்னால் கட்டி இழுத்துப்போய்க் கடலிலிருந்து ஏவும் திட்டமும் இருந்தது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. எதைத் தாக்குவது என்ற கேள்வியில், கப்பலைக் குறிவைத்து ஜெர்மனியின் ஹென்ஷல் 293 குண்டு முந்திக்கொண்டது: விமானத்திலிருந்து வானொலி வழியே இயக்கப்பட்ட அது, 1943 ஆகஸ்டில் பிரிட்டனின் 'எக்ரெட்' போர்க்கப்பலை மூழ்கடித்தது.

இந்தக் கதையை எழுதுகிறவர் மிட்டல்பாவ்-டோராவை விட்டுவிடக் கூடாது. வி-2-வைச் செய்யக் கைதிகளைச் சுரங்கங்களில் அடைத்து வேலை வாங்கிய வதைமுகாம் அது. சுமார் 20,000 பேர் அங்கே மாண்டார்கள்.

அன்று பிறந்த வகைகள் இன்றும் தொடர்கின்றன: இந்தியாவில் அக்னி பாலிஸ்டிக், பிரம்மோஸ் குரூஸ். பிரம்மோஸைத் தரை, கப்பல், விமானம் மூன்றிலிருந்தும் ஏவலாம்; நிலத்து இலக்கையும் தாக்கும், கப்பலையும் தாக்கும். செய்தியில் ஒரே ஏவுகணைக்கு வெவ்வேறு அடைமொழிகள் வருவது இதனால்தான்.