ஷாங்காய் வானளாவியில் வட்டம் மறைந்த வரலாறு

சீனாவின் ஷாங்காய் நகரில், ஹுவாங்பூ ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள வர்த்தகப் பகுதியில் 492 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது ஷாங்காய் உலக நிதி மையம். 101 மாடிகளைக் கொண்ட இக்கட்டடத்தின் உச்சியில் உள்ள பெரிய திறப்பு, அதற்கு 'போத்தல் திறப்பான்' என்ற பட்டப்பெயரைப் பெற்றுத் தந்துள்ளது. எனினும், அத்திறப்பின் வடிவம் பொறியியலால் மட்டும் தீர்மானிக்கப்பட்டதல்ல. சீன-ஜப்பானிய போர்க்கால நினைவுகளுக்கும் அதில் பங்குண்டு.

ஒரே கட்டடம், பல பயன்பாடுகள்

கீழ்த்தளங்களில் கடைகளும் உணவகங்களும், 7 முதல் 77 வரையிலான மாடிகளில் அலுவலகங்களும், 79 முதல் 93 வரையிலான மாடிகளில் ஹோட்டலும் அமைக்கப்பட்டன. அவற்றுக்கு மேலே பார்வையாளர் தளங்கள் உள்ளன. 100ஆவது மாடியிலுள்ள தளம் தரையிலிருந்து 474 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

நின்று தொடர்ந்த பணி

புடோங் பகுதியை நவீன வர்த்தக மையமாக மேம்படுத்தும் திட்டத்தை 1990இல் சீன அரசு அறிவித்தது. அங்கு இக்கட்டடத்தை எழுப்ப முன்வந்தது ஜப்பானின் மோரி பில்டிங் நிறுவனம். வடிவமைத்தது அமெரிக்காவின் கோன் பெடர்சன் ஃபாக்ஸ் நிறுவனம்.

1997இல் அடித்தளப் பணி தொடங்கியது. ஆனால் ஆசிய நிதி நெருக்கடி காரணமாகப் பணி தடைப்பட்டு, 2003இலேயே மீண்டும் ஆரம்பமானது. இதனிடையே, 460 மீட்டராகத் திட்டமிடப்பட்டிருந்த உயரம் 492 மீட்டராக உயர்த்தப்பட்டது. அடித்தளத் தூண்களோ ஏற்கனவே மண்ணில் இறக்கப்பட்டிருந்தன. ஆகவே, உயரம் கூடிய கட்டடத்தின் எடையைக் குறைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சனின் நிறுவனம் கட்டமைப்பை மாற்றியமைத்து இதற்குத் தீர்வு கண்டது.

வட்டமும் சூரியனும்

காற்றின் அழுத்தத்தைக் குறைக்கும் உச்சித் திறப்பு முதலில் வட்டமாகவே வரையப்பட்டது. வானம் வட்டம், பூமி சதுரம் என்ற தொன்மையான சீனக் கருத்தை அது குறிப்பதாக வடிவமைப்பாளர்கள் விளக்கினர். ஆனால் ஜப்பானிய நிறுவனம் எழுப்பும் கட்டடத்தின் உச்சியில் வட்டம் தோன்றுவது, ஜப்பானின் உதயசூரியக் கொடியை நினைவூட்டுவதாகச் சீனாவில் எதிர்ப்பு எழுந்தது.

1937இல் ஜப்பானியப் படைகளுடன் மூன்று மாதங்கள் கடும் போரைச் சந்தித்த நகரம் ஷாங்காய். 2005 ஏப்ரலிலும் அங்கு ஜப்பானுக்கு எதிரான பெரும் ஆர்ப்பாட்டம் நடைபெற்றது. அதே ஆண்டு வட்டம் கைவிடப்பட்டு, மேற்புறம் அகன்ற சரிவகத் திறப்பு இறுதி செய்யப்பட்டது. கட்டுவதற்கு இது எளிது என்றும், செலவு குறைவு என்றும் காரணம் கூறப்பட்டது.

விட்டுக்கொடுத்ததன் பயன்

2008 ஆகஸ்டில் கட்டடம் திறக்கப்பட்டது. ஆசிய நெருக்கடியால் தடைப்பட்ட நிதி மையம், அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்வதற்குச் சில வாரங்களே இருக்கையில் திறப்பு விழா கண்டது. அன்று தாய்பேய் 101 கட்டடமே மொத்த உயரத்தில் முதலிடத்தில் இருந்தாலும், கூரையின் உயரத்தில் ஷாங்காய் கட்டடம் முந்தியது. 2015இல் அதன் அருகிலேயே 632 மீட்டர் உயரமுள்ள ஷாங்காய் கோபுரம் முழுமை பெற்றது.

உயரச் சாதனைகள் விரைவில் முறியடிக்கப்படுகின்றன. ஆனால் மூலதனம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அது கால் ஊன்றும் மண்ணின் நினைவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு அந்தச் சரிவகத் திறப்பு சான்றாக நிற்கிறது.